கோட்டைக்காரரும் கூழ்த் தொட்டியும்

தார் ரோடு வர இன்னும் ஒரு மைல் நடக்க வேண்டியிருந்தது. மாலை நாலு மணி வெயில் நேராக முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் கோழிப்பண்ணைகள், நீள நீளமான கொட்டகைகள், காற்று திரும்பும்போதெல்லாம் அந்த நெடி. என் பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை, அட்டை இல்லாத ஒரு தடித்த புத்தகம். புத்தகத்துக்குள் நாலாக மடித்த ஒரு தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிது இல்லை. வாழப்பாடிப் பக்கம் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதில் தொடங்கியது. ஜவ்வரிசி ஆலை, செங்கல் சூளை, லாரியில் கிளீனர். போர்வெல் ரிக் வண்டியில் மூன்று மாநிலம் சுற்றிவிட்டு, ஒரு காலையில் டீ குடிக்க இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. எந்த இடத்திலும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியதில்லை. கால் கிளம்பும், நானும் கூடவே போவேன். இந்த முறைதான் காரணத்தோடு கிளம்பியிருந்தேன்.

பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. நான் விட்டுவந்த கம்பெனியில் கூழ் மிஷின் ஓட்டுபவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பரமத்திக்காரர். என் முன்னால் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார்.

"நில்லு மாப்ளே. அய்யா கூப்புடறாரு."

"எதுக்காம்?"

"உன்ற ஆதார் கார்டு அவர்கிட்டத்தானே கெடக்குது. அதைக்கூட வாங்காம எங்க போறே?"

"வெச்சுக்கச் சொல்லுங்க. ஈ-சேவையில போய்க் கேட்டா இன்னொண்ணு குடுத்துட்டுப் போறான். நான் மூணு தடவை தொலைச்சவன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஒரே ஒரு கையெழுத்துடா. நாங்க அத்தனை பேரும் போட்டுட்டோம். உனக்கு மட்டும் என்ன, கையில வெரல் இல்லையா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கீழே பார்த்தார். நாலு நாளைக்கு முன்னால், எங்களோடு வேலை செய்த ஓர் அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன. அந்த விரல்கள் எங்கே, எப்படிப் போயின என்பதை மறைக்கிற தாளுக்குத்தான் கையெழுத்து கேட்டார்கள்.

"பாக்கலேன்னு சொல்லிடறேன், போ" என்று மொபெட்டைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, "பஸ்ஸுக்குக் காசு வெச்சிருக்கியா?" என்று கத்தினார். கையை ஆட்டினேன்.

நாமக்கல்லுக்கும் பரமத்திக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இருந்தது அந்த முட்டை டிரே கம்பெனி. கம்பெனி என்றால் இரண்டு தகரக் கொட்டகையும் ஒரு சிமெண்ட் களமும்தான். கேட்டில் போர்டு கிடையாது. பழைய பேப்பர் லாரியில் வந்து இறங்கும். அதைத் தண்ணீரோடு ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் போட்டால், அடியில் சுற்றுகிற பிளேடு கூழாக்கிவிடும். கூழ் அச்சில் ஒட்டி ஈர டிரேயாக வெளியே வரும். பெண்கள் அதைக் களத்தில் வெயிலில் காயப்போடுவார்கள்.

என் வேலை தொட்டிக்கு முன்னால். நோட்டுப் புத்தகங்களில் பின்னைப் பிடுங்க வேண்டும். பிளாஸ்டிக் உறையை உரிக்க வேண்டும். தைத்துக் கட்டிய தடிப் புத்தகமாக இருந்தால் அட்டையையும் முதுகுத் துணியையும் கிழித்து, தைத்த நூலை உருவ வேண்டும். நூலும் துணியும் தொட்டிக்குள் போனால் பிளேடில் சுற்றிக்கொள்ளும், மோட்டார் திணறி நின்றுவிடும். சேர்ந்த அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

முதலாளி நல்ல நிறம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வேலை கேட்டு நான் கேட்டில் நின்றபோது, "உள்ள வா சாமி, வெயில்ல ஏன் நிக்கறே?" என்றார். எங்கள் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். பிளாஸ்கிலிருந்து அவரே டீ ஊற்றிக் கொடுத்தார். கார்டை வாங்கி, "பத்திரமா இருக்கட்டும்" என்று டிராயரில் வைத்தார். வருகைப் பதிவு எதிலும் என் பெயரை எழுதவில்லை. அப்படி ஒன்று அங்கே இல்லை.

சேர்ந்த இரண்டாம் மாதம், ஏதோ ஒரு ஊர் நூலகத்தில் கழித்துக்கட்டிய புத்தகங்கள் ஒரு லோடு வந்தன. அதில் ஒன்றைக் கையில் எடுத்து, பழக்கத்தில் முதலில் அட்டையைக் கிழித்தேன். தலைப்புப் பக்கமும் அதோடு போய்த் தொட்டியில் விழுந்தது. முதுகில் கை வைக்கும்போது உள்ளே ஒரு வரி கண்ணில் பட்டது. ஒரு பாராவைப் படித்தேன். பிறகு அந்தப் பக்கம். பிறகு புத்தகத்தை என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். அதனால் அதன் பெயரோ எழுதியவர் பெயரோ எனக்குத் தெரியாது. பின்னால் ஒருவரிடம் கதையைச் சொன்னபோது, உலகம் முழுக்கத் தெரிந்த கதை, சினிமாவெல்லாம் வந்திருக்கிறது என்றார். பெயரையும் சொன்னார். எனக்கு அது பெயரில்லாமலே பழகிவிட்டது.

கதை இதுதான். ஓர் இளம் வக்கீல் நிலம் வாங்கும் காரியமாக ரொம்ப தூரம் பயணப்பட்டு, மலைக்காட்டில் ஒரு கோட்டைக்குப் போகிறான். கோட்டைக்காரர் வயதான பிரபு. வாசலில் நின்று, நீயாக விருப்பப்பட்டு உள்ளே வா என்கிறார். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. சாப்பாட்டை அவரே எடுத்து வைக்கிறார். நாலு நாள் கழித்துத்தான் அந்த வீட்டில் வேறு வேலைக்காரர் யாருமே இல்லை, எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறது என்று வக்கீலுக்குத் தெரிகிறது. பிரபு மனித ரத்தம் குடித்து வாழ்கிறவர். கண்ணாடியில் அவர் உருவம் தெரியாது. சொந்த மண்ணை நிரப்பிய பெட்டிக்குள் படுத்துத் தூங்குவார். அந்தப் பெட்டிகளைக் கப்பலேற்றிப் பெரிய நகரத்துக்குக் குடிபோகப் பார்க்கிறார்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு, காய்ந்த டிரேக்களை அடுக்கிய நிழலில் உட்கார்ந்து இதைச் சத்தமாகப் படிப்பேன். என் நோக்கம் எனக்குப் படிப்பதுதான். சத்தம் போட்டுப் படித்தால்தான் எனக்கு ஓடும். களத்து வேலைக்காரர்கள் ஐந்தாறு பேர் கேட்பார்கள். அவர்களில் அந்த அக்கா முதல் ஆள். ராசிபுரத்துப் பக்கம், தறிக்கார வீடு. வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். அக்காவுக்குப் படிக்க வராது, கேட்ட ஒரு வரி மறக்காது.

"ஏன் தம்பி, உங்கூரு ஆளுங்க பேசும்போது ஒரு 'ங்க' போட்டா ஏதாச்சும் கொறைஞ்சு போகுமா? அந்தக் கோட்டைக்காரன் எவ்வளவு மரியாதையாப் பேசறான், பாரு" என்பார்.

"அவன் ரத்தம் குடிக்கறவன்க்கா."

"இருக்கட்டுமே. பேச்சு நல்லாத்தானே இருக்குது."

ஒரு பெண் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்க, அவன் வந்து கடிக்கிற இடம் வந்தது. அக்கா கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். "எதுக்கு ஜன்னலத் தொறந்து வெக்கறா? கொசு கடிக்காதா?" ஜன்னலில் பூண்டு மாலை கட்டுகிறார்கள், அந்த நெடிக்கு அவன் கிட்டே வரமாட்டான் என்று படித்தபோது, "அதுக்கு முழு மாலையா? எங்க ஊட்டு ரசம் ஒரு சட்டி வெச்சாப் போதும், அவன் காவேரிக்கு அந்தப் பக்கம் போயிருவான்" என்றார். களமே சிரித்தது.

இன்னொரு இடம். கோட்டைக்காரர் வக்கீலை மூன்று கடிதம் எழுதச் சொல்கிறார். வேலை முடிந்தது, கிளம்பிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று. ஒவ்வொன்றுக்கும் இனி வரப்போகிற ஒரு தேதியைச் சொல்லிப் போடச் சொல்கிறார். நான் படிக்கும்போது எனக்கு அது புரியவில்லை. அக்கா உடனே சொன்னார்: "கடைசித் தேதி வரைக்குந்தான் இவனுக்கு உசுரு. அப்புறம் இவனைத் தேடறவங்ககிட்ட அவன் இந்த லெட்டரைக் காட்டிருவான்."

எனக்கு அந்தக் கதையில் பேய்ப் பயம் வரவே இல்லை. கதவுகள்தான் பிடித்தன. வக்கீல் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்க்கிறான். நானும் தள்ளிப் பார்த்திருக்கிறேன். ரிக் வண்டியில் தள்ளுவதற்குக் கதவுகூட இல்லை. மொழி தெரியாத காட்டில் இறங்கி எங்கே போவாய்? கோட்டைக்காரரை யாராவது உள்ளே கூப்பிட்டால்தான் அவர் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியும் என்றும் கதை சொல்கிறது. நாங்கள் வேறு மாதிரி. நாங்கள்தான் அவர் வாசலுக்குப் போய், வேலை இருக்குதுங்களா என்று கேட்கிறோம். அவர் வா சாமி என்கிறார். நம் காலால் நடந்து உள்ளே போகிறோம்.

அந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு தீராத சண்டையும் உண்டு. அதில் எல்லோரும் எழுதுகிறார்கள். வக்கீல் டைரி எழுதுகிறான், அவன் மனைவி எழுதுகிறாள், டாக்டர் எழுதுகிறார். ஆனால் அந்த மண்பெட்டிகளைத் தூக்கி இறக்கிய சுமைக்காரர்களுக்கு ஒரு வரி இல்லை. பெட்டி எங்கே போனது என்று விசாரிக்க வரும் வக்கீல் அவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுக்கிறான், அவர்கள் உளறுகிறார்கள், அதோடு சரி. உள்ளே என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாதாம். மூட்டை தூக்கியவனைக் கேளுங்கள். தோளில் ஏறின நிமிஷத்தில் கனத்திலும் வாசத்திலும் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். இறந்தவன் படுத்த மண்ணைத் தூக்கியவனுக்கா தெரியாது? தெரியும். எழுதுகிறவர்கள் யாரும் அவனைக் கேட்கவில்லை. இதை நான் அன்றைக்குச் சத்தமாகவே சொன்னேன். "நீ எழுதேன்" என்றார் அக்கா. சும்மா சொன்னதுதான்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் நடந்தது அது. அந்த வாரம் நான் மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன், பேப்பர் பிரிக்கும் நேரத்தில்கூட, மடியில் வைத்து. கோட்டைக்காரர் சுவரில் தலைகீழாகப் பல்லி போல இறங்குவதை வக்கீல் ஜன்னல் வழியே பார்க்கிற இடம். ஒரு கண் புத்தகத்தில். கை பாட்டுக்குக் கூடையில் போட்டது. நூல் உருவாத தடிப் புத்தகங்கள் அதில் இருந்தன. இரண்டோ மூன்றோ.

தொட்டி திணறியது. மோட்டார் நின்றது. அந்த நேரம் பார்த்து மிஷின்காரர் லாரிக்காரரோடு வெளியே இருந்தார். கூழில் சிக்கியதை எடுக்க ஒரு கொக்கிக் கம்பி இருந்தது. அது ஒடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதனால் கையை விட்டுத்தான் எடுப்போம். அதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம். தொட்டிக்குள் கை விடுகிறவர் முதலில் சுவரிலுள்ள போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டையை உருவித் தன் மடியில் செருகிக்கொள்வார். கட்டை மடியில் இருக்கும்வரை உலகத்தில் யார் நினைத்தாலும் அந்த மோட்டாரை ஓட்ட முடியாது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. எங்களுக்கு முந்தி வேலை செய்தவர்கள் செய்தது, நாங்களும் செய்தோம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் முதலாளி அந்தப் போர்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஸ்விட்ச் வைத்திருந்தார். லோடு அதிகமானால் தானாகக் கீழே விழும், மேலே தள்ளினால் ஓடும். உருவுவதற்குக் கட்டை எதுவும் இல்லை. ஸ்விட்ச் கீழே விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அக்கா கையை விட்டார். அவர் மடி காலியாக இருந்தது.

மோட்டார் சத்தம் நின்றதும் நான் தலையைத் தூக்கியிருந்தேன். கொட்டகையின் மறுமுனையில், ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு முதலாளி போன் பேசியபடியே வந்தார். தொட்டியின் அந்தப் பக்கம் குனிந்திருந்த அக்காவை அவர் பார்க்கவில்லை. ஸ்விட்ச் விழுந்திருந்ததைப் பார்த்தார். தள்ளினார்.

நான் கத்தியதும் அக்கா கத்தியதும் ஒன்றாகக் கேட்டது.

முதலாளிதான் முதலில் ஓடிப்போய் அக்காவைப் பிடித்து இழுத்தார். தன் துண்டைச் சுற்றினார். தன் காரிலேயே ஏற்றினார். சட்டை முழுக்க ரத்தம். அழுதார். அது நடிப்பு இல்லை, நான் பார்த்தேன். கதையில் வரும் கோட்டைக்காரர் அழமாட்டார். அவரை வெறுப்பது சுலபம்.

நாமக்கல்லில் முதலுதவி செய்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பின்னாலேயே போனோம். ரத்தம் வேண்டும் என்றார்கள். நானும் மிஷின்காரரும், களத்தில் வேலை செய்யும் ஒரு பீகார்க்காரரும் கொடுத்தோம். அந்தக் கதையிலும் ரத்தம் வற்றிய ஒரு பெண்ணுக்கு நாலு ஆண்கள் வரிசையாகத் தங்கள் ரத்தத்தைக் கொடுக்கிறார்கள். நாலு பேரும் பெரிய மனிதர்கள். அந்த வீட்டு வேலைக்காரிகளிடம் யாரும் கேட்பதே இல்லை. கையில் பஞ்சோடு வராந்தாவுக்கு வந்தபோது முதலாளி சீட்டு எழுதுகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஊட்டுல கிரைண்டர்ல பட்டிருச்சுங்க." அழுத கண் இன்னும் சிவந்திருந்தது.

வியாழக்கிழமை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். டீ ஊற்றிக் கொடுத்தார்.

"சாமி, உன்ற எழுத்து முத்து முத்தா இருக்குது. ஒரு லெட்டர் எழுதோணும்."

மேசை மேல் ஒரு தாள். கீழே எல்லோருடைய கையெழுத்தும் ஏற்கெனவே இருந்தது. மேலே வெறுமை. அக்கா எழுதியது போல எழுத வேண்டும். உடம்புக்கு முடியவில்லை, நானாக வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று. சாட்சியாக நானும் போட வேண்டும். அக்காவின் கைரேகையை அவர் பார்த்துக்கொள்வார்.

"தேதி?" என்றேன்.

"போன மாசம் ஏதாச்சும் ஒண்ணு போடு சாமி."

கதையில் தேதி முன்னால் போகிறது, இங்கே பின்னால் போகிறது. இரண்டிலும் நடுவில் ஒரு ஆள் காணாமல் போகிறார். அக்கா வேலை செய்ததற்கு வேறு தாள் எதுவும் இல்லை. கோட்டைக்காரர் கண்ணாடியில் தெரியமாட்டார் என்று படித்துச் சிரித்திருக்கிறேன். எங்கள் முதலாளி கண்ணாடியில் நன்றாகத் தெரிவார், சீப்பு வைத்துத் தலை வாருவார். காகிதத்தில்தான் அவரும் தெரியமாட்டார், நாங்களும் தெரியமாட்டோம்.

நான் பேனாவைத் தொடாததும் அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. நூலு எப்படித் தொட்டிக்குள்ள வந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலே. ஸ்விட்சை யாரு போட்டாங்கன்னு நீயும் சொல்ல வேண்டாம். ரெண்டு பேருக்கும் பொழப்பு இருக்குது."

அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என்னை அன்று இரவு முழுக்கத் தூங்கவிடாமல் செய்தது. ஒரு நாள் டயம் கேட்டேன். "எடுத்துக்க சாமி" என்றார்.

மறுநாள் காலையில் பேப்பர் குவியலிலிருந்து எழுதாத நோட்டுத் தாள்கள் இரண்டைக் கிழித்துக்கொண்டேன். நடந்ததை எழுதினேன். கொக்கி ஒடிந்தது. போர்டு மாற்றியது. நூல் உருவாமல் புத்தகங்களைக் கூடையில் போட்டது நான், போடும்போது கதை படித்துக்கொண்டிருந்தேன். ஸ்விட்சைத் தள்ளியது முதலாளி, அக்காவைப் பார்க்காமல் தள்ளினார், நான் பார்த்தேன். திங்கட்கிழமையின் தேதி. என் கையெழுத்து. எட்டாம் வகுப்புக்கு அப்புறம் நான் முழுப் பக்கம் எழுதியது அன்றுதான். பிறகு அதையே இன்னொரு தாளில் எழுதினேன். அந்தப் புத்தகத்தில், எல்லோருடைய டைரியையும் கடிதத்தையும் தேதிவாரியாக அடுக்கித்தான் கோட்டைக்காரரை மடக்குகிறார்கள். அவர் வந்து ஒரு பிரதியை நெருப்பில் போட்டுவிடுகிறார். இன்னொரு பிரதி பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் படித்தவன் ஒரு பிரதியோடு போய் நிற்பானா?

மத்தியானம் ஒன்றை முதலாளியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். கொட்டகைக்குள் நடந்துபோய், நாலாகக் கிழித்து, ஓடிக்கொண்டிருந்த தொட்டியில் போட்டார்.

"கூழாப் போச்சு, பாரு. இப்ப நான் சொல்றதை எழுது."

"ரெண்டு தடவை எழுதிட்டேங்க. மூணாவது தடவை எழுத வராது."

அந்த 'ரெண்டு' அவருக்குப் புரியவில்லை. "நீ ஓடிப்போறவன்தானே சாமி. இங்கிருந்தும் ஓடிப்போ. உன்ற பேச்சை யாரு தேடிட்டு வரப்போறாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழக்கமான மரியாதையோடுதான் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. அப்படித்தான் இருந்தேன், அதுவரைக்கும்.

பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். மொபெட்டும் வந்து திரும்பிப் போனது. தார் ரோட்டில் பஸ் ஏறி நாமக்கல், அங்கிருந்து சேலம். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிவதற்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

அக்கா ஒரு ஓரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை பெரிய வெள்ளைப் பொட்டலமாக இருந்தது. வீட்டுக்காரர் மாத்திரை வாங்கப் போயிருந்தார்.

"வாங்க படிப்பாளி. கதை மிச்சம் இருக்குதே, படிக்க வந்தியா?"

"வேற ஒண்ணு படிக்கணும்க்கா."

தாளைப் பிரித்தேன். களத்தில் படிப்பது போலவே சத்தமாகப் படித்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். என் கூடை, என் நூல் வந்த இடத்தையும் அதே சத்தத்தில் படித்தேன். நிறுத்தாமல் படித்து முடித்தேன். அக்கா மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"நூலு உன்னோடதா?"

"ஆமாக்கா."

"எந்த எடம் படிச்சிட்டிருந்தே?"

"அவன் சுவத்துல பல்லி மாதிரி எறங்குவானே, அந்த எடம்."

"நல்ல எடந்தான்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. இடது கையால் துடைத்துக்கொண்டார், பழக்கமில்லாத கையால், மெதுவாக. "இனிமே கிழிச்சுப் போட்டுட்டுப் படி."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"தேதி போட்டியா?"

"நடந்த தேதிதான்க்கா."

"நாளைக்குப் பத்து மணிக்கு மேல போலீஸ்காரர் வந்து எழுதிக்குவாராம். கிரைண்டர்னு சொல்லுன்னு எங்க ஊட்டுக்காரர்கிட்ட அய்யா சொல்லி அனுப்பியிருக்காரு. எங்க ஊட்ல கிரைண்டரே கெடையாது, ஆட்டுக்கல்லுதான்." பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். "நான் சொல்லுவேன். நான் சொன்னா, நான் அங்க வேலையே செய்யலேம்பாங்க. அப்ப நீ சாட்சிக்கு இருப்பியா? கால் நிக்காத ஆளாச்சே."

"இருப்பேன்."

"இன்னிக்குச் சொல்லுவே."

தாளை அவர் தலையணைக்கு அடியில் வைத்தேன். நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பத் தொடங்கினார். நான் எழுந்தபோது அக்கா கேட்டார், "அந்தக் கோட்டைக்காரன் கடைசியில செத்தானா?"

"தெரியலக்கா. கடைசிப் பக்கங்க இல்ல. ஈரத்துல போயிருச்சு."

"அப்ப இன்னும் இருக்கான்னே வெச்சுக்க. அதான் நல்லது."

அன்று பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். படுத்தால் காலையில் முதலில் கிளம்பும் பஸ்ஸில் ஏறிவிடுகிற பழக்கம் எனக்கு. போர்டைப் பார்க்கக்கூட மாட்டேன். விடிந்ததும் பெங்களூர் பஸ் ஒன்று காலியாக நின்றது. கண்டக்டர் கூவிக் கூப்பிட்டார். கால் அந்தப் பக்கம்தான் போனது. அதைத் திருப்பிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போய்வரக்கூடிய தூரத்தில் எங்கே ஆள் எடுப்பார்கள் என்று டீக்கடையில் கேட்டேன். மளிகை மண்டிக்கு வழி சொன்னார்கள்.

மண்டியில் வடக்கேயிருந்து வந்த ஒரு லாரி தார்ப்பாய் விலக்கி நின்றது. இறக்கிவைக்க இரண்டு ஆள் குறைவு. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னைப் பார்க்கிற மேஸ்திரிகள் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"எத்தனை நாள் இருப்ப?"

வழக்கமாகப் பார்க்கலாம் என்பேன். அன்று, "ஒரு கேஸ் முடியற வரைக்கும்" என்றேன்.

"கேஸா? என்ன பண்ண?"

"பண்ணல. சாட்சி."

"சாட்சின்னா வருஷக்கணக்கா இழுக்குமேப்பா."

"இழுக்கட்டும். பத்து மணிக்கு ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரணும். அதை இப்பவே சொல்லிடறேன்."

"வந்த அன்னிக்கே லீவா?" என்று சிரித்தவர், ஆள் கணக்கு நோட்டைத் திறந்தார். "பேரு சொல்லு, எழுதிக்கறேன்." நான் பேனாவை வாங்கி, தேதி போட்டு, என் பெயரை நானே எழுதினேன்.

துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு லாரியின் பின்னால் குனிந்தேன். மேலே நின்றவர் ஒரு சாக்கை என் முதுகில் சாய்த்தார். அதிகம் கனமில்லை. சாக்கின் சல்லடைத் துணி வழியே வாசம் மூக்கில் ஏறியது.

"என்ன லோடு தெரியுதா?" என்றார் மேலே இருந்தவர், புது ஆளைச் சீண்டுகிற தொனியில்.

"பூண்டு" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அக்காவிடம் பத்து மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம். சாக்கைத் தோளில் சரியாக உட்காரவைத்து, மண்டிக்குள் நடந்தேன்.